மருந்து நாளில் கொடுத்தது

எடை பார்க்கும் மெஷினில் ஏறும்போது அண்ணி செருப்பைக் கழற்ற மாட்டாள். கைப்பையையும் தோளிலிருந்து இறக்க மாட்டாள். நர்ஸ்தான் ஒவ்வொரு முறையும் இரண்டையும் பிடுங்கி ஓரமாக வைப்பாள். "பைக்கு சத்து மாவு குடுக்கலம்மா, உங்களுக்குத்தான் குடுக்கிறோம்" என்பாள். அண்ணி சிரிப்பாள். அன்றைக்கு எண் ஆடி நின்றபோது யாரும் சிரிக்கவில்லை.

டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி பேசினார். போன முறையைவிடக் குறைந்திருக்கிறது. இன்னும் இறங்கினால் அடுத்த மருந்தைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும். சினைப்பைக் கட்டியை அறுத்து எடுத்தாகிவிட்டது. கண்ணுக்குத் தெரியாமல் எங்கேயாவது மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தால் அதைக் கொல்லத்தான் இந்த மருந்து. நாம் தள்ளிப்போட்டால் அது நமக்காகக் காத்துக்கொண்டிருக்காது.

"டின்ல இருக்கிற பவுடர ஒழுங்கா குடிக்கிறாங்களா?" என்று அண்ணியை விட்டுவிட்டு என்னைக் கேட்டார்.

"குடிக்க வெக்கிறேன் டாக்டர்" என்றேன்.

அப்படிச் சொல்லும்போது என் முதுகு நிமிர்ந்ததை நான் கவனித்தேன். பயத்தின் நடுவிலும் அது எப்படி நிமிர்ந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அவள் போகுமிடமெல்லாம் பின்னாலேயே போவேன் என்பதால் வாலு என்று பெயர் வைத்தாள். அண்ணன் கூப்பிடும் பெயர், அம்மா வைத்த பெயர் எல்லாம் எனக்கு உண்டு. ஆனால் என் பெயர் என்றால் எனக்கு வாலுதான். வளர்ந்து, மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குப் போய், கல்யாணம் பண்ணி, அது நிலைக்காமல் தனியாக ஒரு ரூம் எடுத்துக்கொண்ட பிறகும் விடுமுறை நாளெல்லாம் அண்ணி வீட்டில்தான் கிடப்பேன். ஆபரேஷன் முடிந்து அவள் வீட்டுக்கு வந்த அன்றைக்கே ஒரு பையில் துணியை அடைத்துக்கொண்டு நானும் வந்துவிட்டேன். யாரும் கூப்பிடவில்லை. யாரும் போகச் சொல்லவும் இல்லை.

அண்ணன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். "ஊர்ல இருக்கிறவங்களையெல்லாம் தூக்கி எறக்குவாரு. வீட்ல ஒரு தட்டத் தூக்கி சிங்க்ல வெக்க மாட்டாரு" என்று அண்ணி சொல்லும்போது அவனும் சேர்ந்து சிரிப்பான், தட்டு அங்கேயே இருக்கும். அதனால் சமையலறையைக் கேட்காமலேயே நான் எடுத்துக்கொண்டேன். அந்த டின்னும் என் கைக்கு வந்தது. வெளுத்த மஞ்சள் நிறப் பவுடர். கொதிக்கிற பாலில் போட்டால் திரிந்துவிடும். ஆறின பாலில் போட்டால் கட்டிக் கட்டியாக மிதக்கும். விரல் பொறுக்கிற சூட்டில், முதலில் கொஞ்சம் பாலில் குழைத்து, பிறகு மிச்சத்தை ஊற்ற வேண்டும். கண்ணாடிக் கடையில் வில்லையை ஃபிரேமின் விளிம்புக்குச் சரியாக இழைத்து உட்கார வைக்கிற கை என்னுடையது. ஒரு கட்டி மிதக்க விட மாட்டேன்.

அண்ணிக்கு எது பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். என்னைவிடத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. மருந்து ஏற்றுகிற நாள் மோசமான நாள், அந்த நாளில் அவளுக்கு ஒரு ஆறுதல் வேண்டாமா? முதல் தடவை வாழைப்பழம் அடித்த பாலில் பவுடரைக் கலந்து பிளாஸ்கில் எடுத்துப் போனேன். மருந்துக்கு முன்னால் ஒரு டம்ளர், முடிந்ததும் ஒரு டம்ளர். "அடியே, அமிர்தம்டி இது" என்றாள். வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தாள். அது மருந்தின் வேலை, எல்லோருக்கும் நடப்பதுதான். ஆனால் அதற்கப்புறம் வாழைப்பழத்தை மேசையில் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த முறை தக்காளி சூப். அதற்கடுத்த முறை வெண்ணெய் போட்டு மசித்த உருளைக்கிழங்கு. சின்ன வயதிலிருந்து அவளுக்கு உயிரான பண்டம் அது. ஒவ்வொன்றும் அந்த ஒரு நாள் உள்ளே போனது, அப்புறம் வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது என்றாகிவிட்டது. வியாதி வந்தவர்களின் நாக்கு அப்படித்தான், இன்றைக்கு வேண்டும், நாளைக்கு வேண்டாம் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவளுக்குப் பிடித்தவற்றில் இன்னும் எது மிச்சம் என்று கடைசியில் நானே தேட வேண்டியிருந்தது.

டாக்டர் எச்சரித்த அன்றே எங்களை டயட்டீஷியனிடம் அனுப்பினார்கள். சின்னப் பெண். கண்ணாடி மூக்கில் வழிந்துகொண்டே இருந்தது. காதுப் பக்கத்து ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது, ஒரு திருகு திருகினால் சரியாகிவிடும் என்று என் கை பரபரத்தது. நான் பவுடரை எப்படிக் கரைக்கிறேன், எதிலெல்லாம் கலக்கிறேன் என்று மூச்சு விடாமல் சொன்னேன். பாராட்டுவாள் என்று எதிர்பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

"மருந்து ஏத்துற அன்னைக்கு என்ன குடுப்பீங்க?" என்று கேட்டாள்.

"அவங்களுக்கு எது ரொம்பப் பிடிக்குமோ அத."

"எப்போ?"

"ஏத்துறதுக்கு முன்னாடி கொஞ்சம். முடிஞ்சதும் கொஞ்சம்."

அவள் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்தாள். "அங்கதான் தப்பு நடந்திருக்கு. ரத்தத்துல மருந்து ஏறுறது வயித்துக்குத் தெரியாது. கொமட்டல் வந்ததும் அது யார் மேல பழி போடலாம்னு பாக்கும். கடைசியா உள்ள வந்தது எதுவோ அது மேல போட்டுரும். அப்புறம் அதப் பாத்தாலே ஆகாது. நீங்க பிடிச்சதா பாத்துப் பாத்துக் குடுத்திருக்கீங்க. பழி எல்லாம் அதுங்க மேல விழுந்திருக்கு."

அண்ணி என் பக்கம் திரும்பினாள். "அடிப்பாவி! என் கூட்டாளிங்கள எல்லாம் ஒவ்வொருத்தரா நீதான் போலீஸ்ல புடிச்சுக் குடுத்தியா?"

டயட்டீஷியன் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். என் காது மட்டும் கொதித்தது.

"அந்த நாள்ல பிடிச்சது எதுவும் வேண்டாம்" என்றாள் அவள். "சாதாரணமா ஏதாவது கொஞ்சம் சாப்பிட்டாப் போதும். மருந்துக்கு முன்னாடி, இருந்தாலும் இல்லாட்டியும் பரவால்லங்கிற மாதிரி ஒரு மிட்டாய வாயில போட்டுக்கோங்க. நல்லா சுரீர்னு இருக்கட்டும். பழிய அது வாங்கிக்கட்டும். பவுடர மத்த நாள்ல பாத்துக்கலாம், புதுசா ஏதாவது ஒண்ணுல கலந்து குடுங்க. சில்லுனு, மூடி போட்ட கப்ல, ஸ்ட்ரா வெச்சு. வாசனை வராது. எடை குறையுதேன்னு வேற மாத்திரை, லேகியம்னு எதையும் என்னைக் கேக்காம ஆரம்பிக்காதீங்க."

வரும் வழியில் பஸ்ஸில் அண்ணி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அலட்சியத்தால் ஒரு தப்பு நடந்தால் இனிமேல் கவனமாக இருக்கலாம். என்னுடையது கவனத்தால் நடந்த தப்பு. இன்னும் கவனமாக இருந்தால் என்ன ஆகும்?

ஆனாலும் நான் இன்னும் கவனமாகத்தான் இருந்தேன். அதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை.

அடுத்த மருந்து நாளில் எலுமிச்சைப் புளிப்பு மிட்டாயை அவள் வாயில் போட்டேன். "கண்றாவி" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே சப்பினாள். குமட்டல் அடங்கிய நல்ல நாட்களுக்குப் பேரிக்காயைத் தேர்ந்தெடுத்தேன். அண்ணிக்கும் பேரிக்காய்க்கும் நட்பும் கிடையாது, பகையும் கிடையாது. வேகவைத்து, மசித்து, பவுடரோடு அடித்து, குளிர வைத்து, மூடி போட்ட கப்பில் கொடுத்தேன்.

கப்பைக் கையில் வாங்கிக்கொண்டு அண்ணி சொன்னாள்: "மொட்டை மாடில துணி காயுது. எடுத்துட்டு வந்துடேன், மழை வர்ற மாதிரி இருக்கு."

மழை வருகிற மாதிரி இல்லை. போய் எடுத்துவந்தேன். கப் காலியாக இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கப்பைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு அவள் கன்னத்தைக் கிள்ளினேன். அவள் சட்டென்று மூச்சைப் பிடித்துக்கொண்டதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்கப்புறம் ஒவ்வொரு கப்புக்கும் எனக்கு ஒரு வேலை இருந்தது. கீழ் வீட்டில் பேப்பர் வாங்கி வா. வாசலில் யாரோ மணி அடித்த மாதிரி இருக்கிறது, பார். நான் அறைக்குள்ளேயே இருந்த நாட்களில் கப் அப்படியே சூடேறிக் கிடந்தது. கடைக்குப் போன நாட்களில் அண்ணனுக்கு போன் பண்ணினால், "எல்லாம் குடிச்சாச்சு" என்பான். எனக்குப் பயந்து பொய் சொல்கிறான் என்று நினைத்தேன். என் மேல் அடிக்கிற வாசனைதான் காரணமாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சோப்பை மாற்றினேன். தலைக்கு எண்ணெய் வைப்பதை விட்டேன். கடையில் வில்லை துடைக்கிற திரவத்தின் வாடை போகக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன்.

எடை பார்க்க வேண்டிய நாள் நெருங்கியது. கடை முதலாளியிடம் ஒரு வாரம் லீவு கேட்டேன். "உன் கை இல்லாம இந்த வாரம் ஒரு கண்ணாடியும் நேரா நிக்காது" என்று புலம்பிவிட்டுக் கொடுத்தார். ஒரு வாரம் முழுக்கக் கூடவே இருந்து, வேளை தவறாமல் ஊட்டி, அந்த மெஷினின் எண்ணை மேலே ஏற்றிவிடுவது என்பதுதான் என் திட்டம். முழு வாரத்தையும் அவளுக்குக் கொடுத்தேன். வாரம் தொடங்கியதிலிருந்து அண்ணி ஏறக்குறைய எதுவுமே சாப்பிடவில்லை.

வாரத்தின் நடுவில் ஒரு மத்தியானம். வெயில் கட்டில் வரைக்கும் வந்திருந்தது. நான் கப்போடு போய் உட்கார்ந்தேன்.

"பால்காரர் வந்துட்டாரா பாரேன்" என்றாள்.

"மத்தியானத்துல எந்தப் பால்காரர் வருவாரு? நான் எங்கயும் போகல அண்ணி. இத குடிங்க."

"அப்புறமா குடிக்கிறேன்டி."

"அப்புறம் அப்புறம்னா எப்ப? டாக்டர் சொன்னது காதுல விழலையா? கொஞ்சமே கொஞ்சம். எனக்காக."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஸ்ட்ராவை வாயில் வைத்தாள். ஒரு வாய் உள்ளே போயிருக்கும். அவள் கழுத்து நரம்பு புடைத்தது. நான் பாத்திரத்தை எடுத்து நீட்டுவதற்குள் எல்லாம் போர்வையிலும் என் மடியிலும் வந்துவிட்டது. முதுகைத் தடவப் போனேன். அவள் கையை உதறினாள். அப்படி ஒரு உதறலை அவளிடமிருந்து நான் அதுவரை வாங்கியதில்லை.

"தொடாத. தள்ளிப் போ. ஜன்னல்கிட்ட போய் நில்லு."

போய் நின்றேன். அவளுக்கு மூச்சு மெதுவாகச் சீரானது. வாயைத் துடைத்துக்கொண்டாள். அழுகிறாளா என்று பார்த்தேன், அழவில்லை.

"பேரிக்காயும் ஆகலையா அண்ணி?" என்றேன். "வேற ஏதாவது..."

"பேரிக்காய் மேல ஒரு தப்பும் இல்ல வாலு. நேத்து நீ குளிக்கப் போனப்போ நல்லாத்தான் எறங்குச்சு."

"அப்ப வாசனையா? நான் சோப்பு கூட மாத்திட்டேனே."

"சோப்பு இல்லடி." போர்வையின் ஈரத்தைப் பார்த்தாள். "நீ."

தெருவில் யாரோ ஷட்டரை இழுத்து மூடுகிற சத்தம் கேட்டது.

"மொதல் தடவ மருந்து ஏறினப்போ பக்கத்துல யாரு இருந்தா? நீ. ஒவ்வொரு தடவையும் நீ. கண்ணத் தொறந்தா உன் மூஞ்சி. கப்ப நீட்டுற கை உன் கை. 'கொஞ்சமே கொஞ்சம்'னு நீ சொல்றியே, அந்தக் கொரல் கேட்டாலே இங்க பெரட்டுது." தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். "அன்னைக்கு அந்தப் பொண்ணு பழி கிழின்னு சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சிடுச்சு. உன்கிட்ட எப்படிச் சொல்றது? நீ எப்பேர்ப்பட்டவன்னு மனசுக்குத் தெரியுது. வயித்துக்குத் தெரியலையே, நான் என்ன பண்ண?"

நான் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். பேசினால் அந்தக் குரல்தானே வரும்.

"கோவமாடி?"

தலையை ஆட்டினேன். இல்லை என்று ஆட்டினேனா, ஆமாம் என்று ஆட்டினேனா, எனக்கே தெரியாது. போர்வையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனேன். குழாயைத் திறந்துவிட்டு, அதன் சத்தத்துக்குள் நின்றேன். வெறுப்பு என்றால் அதற்குக் காரணம் இருக்கும். சண்டை போடலாம், மன்னிப்புக் கேட்கலாம், பழைய கணக்கைத் தீர்க்கலாம். இதில் யாரிடம் போய் நியாயம் கேட்பது? அவளே என் பக்கம்தான் இருக்கிறாள். அவள் உடம்புதான் என்னைத் துப்புகிறது.

இன்னொன்றும் அந்தக் குழாயடியில்தான் தெரிந்தது. அவள் பிழைக்க வேண்டும் என்பதோடு, அவள் என் கையால் பிழைக்க வேண்டும் என்றும் நான் ஆசைப்பட்டிருக்கிறேன். இரண்டும் ஒன்று என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

சாயங்காலம் அண்ணன் வந்ததும் மாடிப்படியிலேயே மடக்கினேன். நடந்ததைச் சொன்னேன். இனிமேல் பவுடர் கரைப்பது, கொடுப்பது எல்லாம் நீதான், நான் என் ரூமுக்குப் போகிறேன் என்றேன்.

"ரெண்டு பேரும் சண்ட போட்டீங்களா?"

"சண்டை இல்லண்ணா. சொன்னேனே, அந்த மிட்டாய் மாதிரிதான். என்னப் பாத்தா அவங்களுக்குக் கொமட்டுது."

"மனுஷங்க என்ன மிட்டாயா? உளறாத." கையிலிருந்த கிரீஸைக் கந்தலில் துடைத்துக்கொண்டே இருந்தான். "எனக்கு வெந்நி கூட வெக்கத் தெரியாதே."

"கத்துக்கோ. லிஃப்ட்ல ஆள் மாட்டிக்கிட்டா எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டுப் போயிடுவியா?"

முறைத்தான். ஆனால் சமையலறைக்கு வந்தான். விரல் பொறுக்கிற சூடு என்றேன், அவன் விரல் எதையும் பொறுத்தது. அவனுக்கு அது சூடாகவே தெரியவில்லை. பால் திரிந்தது. மறுபடி வைத்தான். குழைக்கிற பொறுமை இல்லாமல் பவுடரையும் பாலையும் ஒரு பாட்டிலில் போட்டு மூடி, ஏதோ இயந்திரத்தை முடுக்குகிற மாதிரி ஆட்டினான். உள்ளே கட்டிகள் மிதந்தன. என் கை தானாக நீண்டது. கையைக் கட்டிக்கொண்டேன்.

அவன் அறைக்குள் போனான். நான் என் பையை எடுத்துக்கொண்டு படியில் இறங்கி, பாதியில் நின்றேன்.

"என்னங்க இது, கல்லும் மண்ணுமா இருக்கு? லிஃப்ட் குழிலேருந்து அள்ளிட்டு வந்தீங்களா?" அண்ணியின் குரல்.

"மென்னு சாப்பிடு. பல்லு இருக்கில்ல."

"துரைக்கு வாய் மட்டும் குறைச்சல் இல்ல."

பிறகு ஸ்ட்ரா காலிக் கப்பின் அடியை உறிஞ்சுகிற சத்தம் வந்தது.

நான் வேண்டிக்கொண்ட சத்தம் அது. அதைக் கேட்டு எனக்குள் எழுந்தது சந்தோஷம் இல்லை. கட்டி தட்டின பாலை, கரைக்கவே தெரியாத ஒருத்தன் கையிலிருந்து அவள் குடிக்கிறாள். அவள் அதையும் வாந்தி எடுத்தால் என்ன என்று ஒரு கணம் நினைத்தேன். ஒரு கணம்தான். ஆனால் அந்தக் கணத்தில் நான் நின்ற படி எது, என் தோளில் பையின் வார் எங்கே அழுத்தியது என்பதெல்லாம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கீழே இறங்கி வேகமாக நடந்தேன்.

எடை பார்க்கிற நாளன்று நான் வீட்டுக்குப் போனபோது அண்ணன் சட்டையை இஸ்திரி போட்டுத் தயாராக நின்றிருந்தான். மருந்து ஏற்றும்போது இனிமேல் தானே கூட இருக்கப்போவதாகச் சொன்னான்.

"நீ வராத" என்றேன்.

"நீதான வெலகிக்கிறேன்னு சொன்ன? இப்ப அதுலயும் நீயேவா?"

"வீட்ல நான் வேண்டாம். அங்க நீ வேண்டாம். அங்க பக்கத்துல உக்காந்தா நீயும் கெட்டுப் போயிடுவ. அப்புறம் அவங்களுக்கு யார் குடுப்பா? நான்தான் ஏற்கெனவே கெட்டாச்சே."

அவனுக்கு முழுசாகப் புரிந்ததா, தெரியாது. அண்ணி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவள், நிமிராமலே, "அவ சொல்றது சரிங்க" என்றாள். அவன் வாசலோடு நின்றுவிட்டான்.

மெஷினில் ஏறினாள். நர்ஸ் வழக்கம்போலச் செருப்பையும் பையையும் வாங்கி வைத்தாள். நான் அண்ணிக்குப் பின்னால், அவள் கண்ணில் படாத இடத்தில் நின்றிருந்தேன். எண் ஆடியது. நின்றது.

"ஏறல" என்றாள் நர்ஸ். "ஆனா எறங்கவும் இல்ல."

டாக்டர் எண்ணைப் பார்த்துவிட்டு, ரத்தப் பரிசோதனையையும் பார்த்துவிட்டு, இன்றைக்கு மருந்து ஏற்றலாம் என்றார். அடுத்த முறையைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

மருந்து ஏற்றுகிற அறையில் சாய்வு நாற்காலிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் துணைக்கு வந்தவருக்கு ஒரு ஸ்டூல். அண்ணியின் கையில் ஊசி ஏறியதும் நான் என் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் அவள் நாற்காலியின் முதுகுக்குப் பின்னால், சுவரை ஒட்டிப் போட்டேன். எதிர் நாற்காலியில் இருந்த பெண் எங்களை விநோதமாகப் பார்த்தாள். சண்டை என்று நினைத்திருப்பாள். அங்கிருந்து எனக்குத் தெரிந்தது அண்ணியின் தலைத்துணியும், காதின் விளிம்பும், குழாயில் சொட்டுகிற மருந்தும்தான்.

நேரம் போனது. யாரோ இருமினார்கள். எங்கேயோ ஒரு மெஷின் கத்தி ஓய்ந்தது. அவள் தோள் லேசாக மேலே ஏறியது. குமட்டல் தொடங்கும்போது அப்படித்தான் ஏறும். எழுந்து முன்னால் ஓட வேண்டும் என்று கால் துடித்தது. கால்களை ஸ்டூலின் கம்பியில் பின்னிக்கொண்டேன்.

"வாலு" என்றாள், திரும்பாமல். "இருக்கியா?"

"இருக்கேன் அண்ணி."

அவள் தோள் இன்னும் கொஞ்சம் ஏறியது.

"பேசாத" என்றாள். "சும்மா இரு. போயிடாத."